நப்தலீன் பளிங்கு அறிக்கையில் ஐந்து காபன்கள் மட்டும் இருப்பது ஏன்?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, யாழ்ப்பாணம்):
வணக்கம். செயன்முறை வகுப்பிற்காக, இரு வளையங்கள் ஒட்டிய மூலக்கூறான நப்தலீனின் எக்ஸ் கதிர்க் கோணல் தரவுகளை (பளிங்கில் எக்ஸ் கதிர்கள் விலகும் விதத்திலிருந்து அணுக்களின் இடங்களைக் கணிக்கும் முறை) படித்துக்கொண்டிருக்கிறேன். மூலக்கூறில் பத்துக் காபன்களும் எட்டு ஐதரசன்களும் உள்ளபோதிலும், அட்டவணையில் ஐந்து காபன்களுக்கும் நான்கு ஐதரசன்களுக்கும் மட்டுமே ஆள்கூறுகள் தரப்பட்டுள்ளன. இலத்திரன்கள் வளையமெங்கும் பரவியுள்ளன என்று கற்றிருக்க, காபன்–காபன் நீளங்கள் ஏன் 137 முதல் 142 பிக்கோமீற்றர் வரை வேறுபடுகின்றன?

மறுமொழி 1 (ஆய்வுகூடவாசி):
தங்கை, மீதிப் பாதி தொலைந்துவிடவில்லை. ஒற்றைச்சரிவுத் தொகுதியைச் (ஓரச்சுக் கோணம் மட்டும் செங்கோணமல்லாத வகை) சேர்ந்த இப்பளிங்கின் அலகுக் கலத்தில், அதாவது பளிங்கெங்கும் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டியில், இரு மூலக்கூறுகளே உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும், அதாவது இரு வளையங்களும் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பின் நடுப்புள்ளியில், பளிங்கின் சமச்சீர் மையம் ஒன்று அமைகிறது. அம்மையத்தை ஆள்கூறுகளின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால், ஐந்து காபன்களின் ஆள்கூறுகளின் குறிகளை மாற்றிய மாத்திரத்தில் மற்றைய ஐந்தும் கிடைத்துவிடும்.

ஆனால் தனி மூலக்கூறு இதைவிடச் சமச்சீர் மிக்கது. அதில் மூன்று வகைக் காபன்களே உண்டு. பளிங்கோ மையத்தை மட்டும் காத்து, ஆடித் தளங்களை (ஒரு பாதி மற்றப் பாதியின் ஆடி விம்பமாக அமையும் தளங்கள்) கைவிடுகிறது. ஆகவே, ஒரு வளையத்தின் வெளிக் காபன்களுக்கு வரிசையாக 1 முதல் 4 வரை எண்ணிட்டால், சமமாக இருக்கவேண்டிய 1–2, 3–4 பிணைப்புகள் உங்கள் அட்டவணையில் இரு தனி எண்களாக வரும். அவற்றின் வேறுபாடு வழு எல்லைக்குள் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அளவீட்டின் தரத்தை எடைபோட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்):
இலத்திரன்கள் பரவியுள்ளன என்பதனால் எல்லாப் பிணைப்புகளும் சமமாகிவிடா. நப்தலீனுக்கு மூன்று பரிவுக் கட்டமைப்புகளை (இரட்டைப் பிணைப்புகளை வேறுவேறு இடங்களில் வைத்து வரையும் வடிவங்கள்) வரைந்து பாருங்கள், பிள்ளை. 1–2 பிணைப்பு இரண்டில் இரட்டைப் பிணைப்பாக இருக்கும். 2–3 பிணைப்பு ஒன்றில் மட்டுமே. அதனாலேயே முன்னையது ஏறத்தாழ 137 ஆகவும் பின்னையது ஏறத்தாழ 141 ஆகவும் உள்ளன. பென்சீனில் ஆறும் சமமாக இருப்பதைப் பார்த்துப் பழகியதால் வரும் மயக்கம் இது.

மறுமொழி 3 (பளிங்கு வளர்ப்பவர்):
காபன்–ஐதரசன் நீளம் 95 பிக்கோமீற்றர் அளவில் இருந்தால் திகைக்கவேண்டாம். எக்ஸ் கதிர்கள் காண்பது இலத்திரன் அடர்த்தியையே. ஐதரசனின் ஒரேயொரு இலத்திரன் காபன் பக்கம் சாய்ந்திருப்பதால் பிணைப்பு குறுகித் தோன்றும். அணுக்கருவையே காணும் நியூத்திரன் கோணலில் அது 108 அளவில் வரும்.

அடுக்கமைப்பையும் வரைந்து பாருங்கள். அயல் மூலக்கூறுகள் ஒன்றன்மேலொன்று தட்டையாகப் படியாமல், ஏறத்தாழ 52 பாகை சாய்ந்து, ஒன்றன் ஐதரசன் விளிம்பு மற்றதன் வளைய முகத்தை நோக்குமாறு மீன்முள் வடிவில் நிற்கின்றன. இவ்வாறான படலங்களுக்கிடையே மூலக்கூறுகளுக்கிடையேயான வலிமை குறைந்த ஈர்ப்புகளான வந்தர்வாலின் விசைகள் மட்டுமே உள்ளன. பதங்கமாக்கும்போது (திண்மத்தை உருக்காமல் நேரே ஆவியாக்கிப் படியவைக்கும்போது) கடிகாரக் கண்ணாடியின் அடியில் படிவன மெல்லிய, மினுங்கும் தகடுகளாக இருப்பதும், ஊசி முனையால் தொட்டாலே படலம் படலமாகப் பிரிவதும் இதனாலேயே. மாதிரியை மூடிய மயிர்த்துளைக் குழாயில் வையுங்கள்; நம்மூர் வெயிலில் திறந்து வைத்தால் அளந்து முடிப்பதற்குள் பளிங்கு மெலிந்துவிடும்.