கட்டுக்கு அடியில் அரிப்பு: உங்கள் வீட்டில் எது ஒத்துக்கொள்ளவில்லை?

காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்குக் கணுக்காலுக்கு மேல் வெரிகோஸ் புண் (காலில் ரத்தக்குழாய் புடைத்து, அதனால் வரும் புண்), ஆறுவதும் வெடிப்பதுமாக ரொம்ப நாளாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் அக்கா ஒருநாள் பிரித்துப் பார்த்தால் புண்ணைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று பொடிப்பொடி நீர்க்கொப்புளம். அரிப்புத் தாங்காமல் அப்பத்தா விசிறிக் காம்பைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்திருக்கிறார். வழக்கம்போல் பழி கத்தரிக்காய் மேல்தான். கோசமல்லி கட், கருவாடு கட். "கத்தரிக்காய நிறுத்தினீக, அரிப்பு நின்னுச்சா?" என்று அப்பத்தா கேட்டதுதான் நியாயம்.

தோல் டாக்டர் தடிப்பின் ஓரத்தை விரலால் வரைந்து காட்டினார். பிளாஸ்திரி ஒட்டிய பட்டையில் மட்டும் கோடு போட்ட மாதிரி சிவந்தால் பசை மேல் சந்தேகப்படலாமாம். இங்கே பட்டை இருந்த இடம் சுத்தமாக இருக்கிறது, களிம்பு படர்ந்த இடம்தான் பொரிந்திருக்கிறது. போட்டது ஃப்ரமைசெட்டின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. அதுவும் நியோமைசினும் ஒரே குடும்பம் என்பதால் நியோமைசின் பவுடரும் வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிட்டார். இந்த ஒவ்வாமை தொட்டதும் வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் கிளம்பும், வருஷக்கணக்காக ஒத்துக்கொண்டதுகூடத் திடீரென்று ஆகாமல் போகும், நாள்பட்ட கால் புண்காரர்களுக்கு இது அதிகம். இப்போது சலைனில் கழுவி, வாஸ்லின் மாதிரிப் பாரஃபின் தடவிய காஸ் துணி, மேலே ரோலர் பாண்டேஜ், அவ்வளவுதான். தடிப்புக்கு மட்டும் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு களிம்பு, புண்ணில் படாமல்.

*

தேவகோட்டையிலிருந்து. எங்கள் ஐயாவுக்கு நேர் எதிர், பசைதான் ஆகவில்லை, ஆபரேஷன் தையலுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்திரி அளவுக்கே சட்டம் போட்ட மாதிரி சிவப்பு. எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து 48 மணி நேரம் வைத்திருந்தார்கள். குளிக்கக் கூடாது, சித்திரை வெயில் வேறு, மனுஷன் எரிந்து விழுந்துவிட்டார். பிரித்து ஒருமுறை, இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள். ஆகாதது கோலோஃபனி, அதாவது பைன் மரத்துப் பிசின். சில பிளாஸ்திரிப் பசையில் சேர்க்கிறார்களாம். சிலிக்கான் டேப் ஒத்துக்கொள்கிறது, விலைதான் கடிக்கிறது.

*

மறுபடி காரைக்குடியிலிருந்து. மஞ்சள் பற்று போடச் சொல்லி யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், மஞ்சளே ஆகாத தோலும் உண்டு. அப்புறம், அரிப்பைவிட வலி அதிகமாகி, சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் என்று வந்தால் அது அலர்ஜி என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். தேவகோட்டைக்காரரே, நீங்கள் ஐயாவுக்கு வாங்கும் சிலிக்கான் டேப் காரைக்குடியில் எந்தக் கடையில் கிடைக்கும்?