மீனா பையன் ஸ்கூல்ல குழி (எங்க குடும்ப குரூப்ல நேத்து ஓடினது)

மீனா (இங்கிலாந்து): 📷 இதுதான் பையன் ஸ்கூல் மைதானம். புதுக் கட்டடம் வருதுன்னு சொன்னேன்ல, அதுக்கு முன்னாடி கோடு கோடா தோண்டிப் போட்டிருக்காங்க

சுதா அத்தை: கேபிள் பதிக்கிறாங்களாடி?

மீனா: இல்ல அத்தை, தொல்லியல் ஆளுங்க. அடியில பழசு ஏதும் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அஸ்திவாரம் போட விடுவாங்க

கார்த்தி: ஜேசிபி வச்சா? கீழடில பிரஷ் வச்சுல்ல கூட்டிக்கிட்டு இருந்தாங்க 😄

மீனா: மேல்மண்ணு மட்டும்தான்டா மெஷின்ல. பக்கெட்ல பல்லே இருக்காது. பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டே இருப்பார். மண்ணு நிறம் மாறிச்சுன்னா மெஷினை நிறுத்திட்டு சின்னக் கொத்துக்கரண்டியோட இறங்கிடுவாங்க

கார்த்தி: நிறம் மாறினா?

மீனா: எப்பவோ யாரோ தோண்டி மூடின இடம். கம்பம் நட்டது, குப்பைக்குழி, கல்லறை, எதுவா வேணா இருக்கலாம். எத்தனை காலம் ஆனாலும் அந்தத் தடம் தெரியுமாம்

பெரியப்பா: செலவு யாருது? அரசாங்கமா?

மீனா: கட்டுறவங்கதான் பெரியப்பா. 1989ல லண்டன்ல ஆபீஸ் கட்டத் தோண்டுன இடத்துல ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கம் வந்துச்சு. பெரிய போராட்டம். அடுத்த வருஷமே கட்டட அனுமதியோட இப்படி முன்னாடியே தோண்டிப் பார்க்கிறதையும் சேர்த்துட்டாங்க

கார்த்தி: நம்மூர் சைட்ல பானை ஓடு வந்தா ராத்திரியோட ராத்திரியா கான்கிரீட் ஊத்திடுவான்

பெரியப்பா: அதுக்கு 1878லயே புதையல் சட்டம் இருக்கு தம்பி. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் எது கிடைச்சாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும்

கார்த்தி: பத்து ரூபாயா 😂 இப்ப டீயே பதினஞ்சு

பெரியப்பா: சிரிக்காத. ஆனா அந்தச் சட்டம் கிடைச்சப்புறம் சொல்லுங்குது. தோண்டுறதுக்கு முன்னாடி பாருன்னு சொல்லல. அதுதான் கோளாறு

சுதா அத்தை: தங்கம் கிடைச்சுதா இல்லையா, அத சொல்லு

மீனா: இங்க இன்னும் ஒண்ணுமில்ல அத்தை. ஆனா ஏம்ஸ்பரின்னு ஒரு ஊர், ஸ்டோன்ஹெஞ்ச்ங்கிற பழங்காலக் கல்வட்டத்துக்குப் பக்கத்துல, 2002 மே மாசம். வீடுகளும் ஸ்கூலும் கட்டுறதுக்கு முன்னாடி தோண்டினப்போ 4,300 வருஷத்துக்கு முந்தின ஒருத்தர் கல்லறை வந்துச்சு. கூடவே கிட்டத்தட்ட நூறு பொருள். செம்புக் கத்தி மூணு, பானை அஞ்சு, அம்பு முனைங்க, அப்புறம் நீங்க கேட்ட தங்கம், ஒரு ஜோடி. தலைமுடியில மாட்டுறதா இருக்கும்னு சொல்றாங்க. பல்லை டெஸ்ட் பண்ணினா ஆள் வளர்ந்தது ஆல்ப்ஸ் மலைப் பக்கமாம்!

சுதா அத்தை: பாட்டி பக்கத்துல இருக்காங்க. பொணம் புதைச்ச இடத்துலயா புள்ளைங்க படிக்குதுன்னு கேக்குறாங்க

மீனா: அவர் இப்ப சால்ஸ்பரி மியூசியத்துல இருக்கார்னு சொல்லுங்க. ஊர்ல ஒரு ஸ்கூலுக்கு அவர் பேரையே வச்சிருக்காங்க, ஏம்ஸ்பரி ஆர்ச்சர்னு. ஆர்ச்சர்னா வில்லாளி

சுதா அத்தை: சொன்னேன். தலையில அடிச்சுக்கிறாங்க

கார்த்தி: ஒண்ணும் வரலன்னா மொத்தச் செலவும் தண்டம்தானே?

மீனா: மைதானம் முழுக்கவா தோண்டுறாங்க? நூத்துல ரெண்டுலேர்ந்து அஞ்சு பங்குதான். நீ மண் டெஸ்டுக்கு போர் போடுறல்ல, அந்த மாதிரி. ஒண்ணுமில்லன்னா மூடிட்டு வேலைய ஆரம்பிச்சுடுவாங்க. இருந்தா பிளானை மாத்துவாங்க, இல்ல அந்த இடத்தை முழுசா தோண்டி எடுப்பாங்க

கார்த்தி: அது சரி. போன வருஷம் அஸ்திவாரத்துக்கு பைல் இறக்குறப்ப பழைய கிணறு வந்து டிசைனையே மாத்தினோம். மொதல்லயே தெரிஞ்சிருந்தா எவ்வளவோ மிச்சம்

பெரியப்பா: கிணத்துல என்ன இருந்துச்சு?

கார்த்தி: யார் பார்த்தா பெரியப்பா, மண்ணக் கொட்டி மூடியாச்சு

பெரியப்பா: 😡

கார்த்தி: மீனா, அந்தப் பல்லில்லாத பக்கெட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எங்க ஆபரேட்டருக்குக் காட்டணும்