தம்பியின் வலது கை வீங்கியிருக்கிறது, சுளுக்குதானா?

கடலூர்க்காரன்:
தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 24 வயது. முந்தாநாள் கரைவலை இழுத்துவிட்டு வந்தான். நேற்றுக் காலையிலிருந்து வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கிக் கனக்கிறது. தொங்கவிட்டால் லேசாக நீலம் பாய்கிறது. காய்ச்சல் இல்லை, அடியும் படவில்லை. அம்மா எண்ணெய் காய்ச்சி நீவிவிடலாம் என்கிறார். பாட்டி, யானைக்கால் கையில் வந்துவிட்டது என்கிறார். என்ன செய்யலாம்?

பழைய வலை:
வலை இழுத்தால் தோள் பிடிக்கத்தான் செய்யும். எனக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். நீவினால் போய்விடும்.

வார்டு நர்ஸ்:
நீவவே வேண்டாம். சுளுக்கு ஓர் இடத்தில் சுருக்கென்று வலிக்கும், அசைத்தால் கூடும். கை முழுக்க வீங்கி நீலம் பாயாது. சட்டையைக் கழற்றிப் பாருங்கள், தோளிலும் மார்பிலும் நரம்பு புடைத்திருக்கிறதா? இரண்டு கையையும் டேப் வைத்து அளங்கள். அந்தக் கையில் சமீபத்தில் ட்ரிப்ஸ் ஏற்றினார்களா?

கடலூர்க்காரன்:
ட்ரிப்ஸ் இல்லை அக்கா. வலது தோளில் பச்சை நரம்பு கொடி மாதிரி ஓடுகிறது, இடது பக்கம் இல்லை. சுற்றளவு 3 செ.மீ. கூடுதல்.

வார்டு நர்ஸ்:
அப்படியானால் இன்றே டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) பாருங்கள். கையிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய சிரை, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே போகிறது. (நாம் நரம்பு என்று சொல்வது சிரையைத்தான்.) கையை உயர்த்தி உயர்த்தி இழுக்கும்போது அது அங்கே நசுங்கி, உள்ளே ரத்தம் உறையலாம். பேஜட் ஷ்ரோட்டர் என்று பெயர். நல்ல திடமான இளைஞர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். ட்ரிப்ஸ் ஊசியால் வருவது வேறு, தோலுக்கடியில் கயிறு மாதிரி தடித்துச் சிவந்து, தொட்டால் வலிக்கும். தோலில் கிருமி தொற்றியிருந்தால் சிவப்பு பரவும், சுடும், பெரும்பாலும் காய்ச்சலும் வரும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108.

முத்தியால்பேட்டை:
பாட்டி சொன்னதையும் தள்ளிவிட முடியாது, இந்தப் பக்கம் யானைக்கால் இருந்த ஊர்கள்தானே. ஆனால் யானைக்கால் மாதிரி நிணநீர் தேங்கி வரும் வீக்கம் ராத்திரியோடு ராத்திரியாக ஏறாது. என் அம்மாவுக்கு மார்பக அறுவைக்குப் பிறகு கை வீக்கம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறியது, நிறமும் மாறவில்லை. ஒரு தடவை திடீரென்று கூடியபோது அவருக்கும் டாப்ளர் பார்த்தார்கள்.

ஸ்கேன் அறை:
ஒன்று சொல்கிறேன். டாப்ளரில் கைச் சிரையை ப்ரோபால் (ஸ்கேன் கருவியின் முனை) அழுத்தினால் அமுங்க வேண்டும், அமுங்காவிட்டால் உள்ளே உறைவு. காறை எலும்புக்குப் பின்னால் அப்படி அழுத்த இடமில்லை, ஓட்டத்தை வைத்துத்தான் சொல்வோம். அதனால் நார்மல் என்று வந்தும் வீக்கம் வடியாவிட்டால் சிடி வெனோகிராம் (மருந்து ஏற்றிச் சிரைகளைப் பார்க்கும் சிடி ஸ்கேன்) வேண்டுமா என்று கேளுங்கள். டி-டைமர் (உறைவு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) கூடியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அது வேறு பல காரணங்களாலும் கூடும்.

கடலூர்க்காரன்:
மதியமே ஜிப்மருக்குக் கூட்டிப்போனோம். அக்கா சொன்ன அதே இடத்தில் உறைவு. ஊசி போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் மாத்திரை, குறைந்தது 3 மாதம். விலா எலும்பு நெருக்குகிறதா என்று பிறகு பார்ப்பார்களாம். வலைக்கு எப்போது போகலாம் என்று இவன் அதற்குள் டாக்டரைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.