ஸ்டைல்ஷீட்: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

தரவைப் பக்கமாகக் காட்டுவதற்கான விதிகளை எழுதிவைக்கும் கோப்பை ஆங்கிலத்தில் ஸ்டைல்ஷீட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பாணித்தாள்', 'நடைத்தாள்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. சொற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டிக்கும் (XSLT), வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் (CSS) ஒரே சொல்லைப் போட்டால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

திருக்குறளை எக்ஸ்எம்எல்லில் (XML), அதாவது ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறிச்சொல் இட்டுச் சொல்லும் வடிவத்தில், வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம், தடையில்லை: அதிகாரம், குறள், எண், உரை. எது தடித்த எழுத்து, எது என்ன நிறம் என்று அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. எக்ஸ்எஸ்எல்டி அதைப் படித்து, அதிகாரப் பெயரைத் தலைப்பாகவும் குறளைப் பத்தியாகவும் வைத்து உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை உண்டாக்குகிறது. அதே கோப்பிலிருந்து, உரையை எல்லாம் விட்டுவிட்டு, 133 அதிகாரப் பெயர்கள் மட்டும் கொண்ட பொருளடக்கப் பக்கத்தையும் உண்டாக்கலாம். இதில் அழகுபடுத்தும் வேலை எங்கே இருக்கிறது? தரவின் உருவம்தான் மாறுகிறது. நிறமும் இடைவெளியும் எழுத்தளவும் அப்புறம், சிஎஸ்எஸ் வந்த பிறகுதான்.

பெயர்க் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எக்ஸ்எஸ்எல்டிக்கு மூலமான எக்ஸ்எஸ்எல் முதலில் தோற்றத்துக்கான மொழியாகத்தான் யோசிக்கப்பட்டது. உருமாற்றும் பகுதி தனியாகப் பிரிந்து 1999 நவம்பரில் எக்ஸ்எஸ்எல்டி 1.0 ஆக வந்தபோதும் 'ஸ்டைல்ஷீட்' என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தரத்திலேயே, கோப்பின் முதல் குறிச்சொல்லில் 'ஸ்டைல்ஷீட்' என்பதற்குப் பதிலாக 'டிரான்ஸ்ஃபார்ம்' (உருமாற்று) என்று எழுதலாம், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று இருக்கிறது. நாம் அந்த இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொள்வோம்.

எக்ஸ்எஸ்எல்டி கோப்புக்கு உருமாற்றுத்தாள். சிஎஸ்எஸ் கோப்புக்குத் தோற்றத்தாள். என் பரிந்துரை இதுதான்.

'ஒப்பனைத்தாள்' என்றும் யோசித்துப் பார்த்தேன். ஒப்பனை என்றால் பூச்சு, அலங்காரம் என்ற அளவில் நின்றுவிடுகிறது, சிஎஸ்எஸ்ஸோ பத்திகளை எப்படி அடுக்குவது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையும் பார்க்கிறது. தோற்றம் என்றால் அதெல்லாம் அடங்கும். 'தோற்றமும் வளர்ச்சியும்' என்று சொல்லும்போது அதே சொல் பிறப்பைக் குறிக்கிறதே என்று கேட்கலாம், ஆனால் தாளோடு சேரும்போது யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

தரவையும் தோற்றத்தையும் இப்படிப் பிரிப்பதன் அருமை தமிழ் இணையத்தில் பழையவர்களுக்கு நன்றாகவே தெரியும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோடுக்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துருவின் பெயரை எழுதிவைத்தோம், அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் கட்டுரை முழுவதும் புரியாத ரோமன் எழுத்துகளாகத் தெரியும். தோற்றத்தை எடுத்தால் தரவே போய்விடும் என்ற நிலை. அப்படி எழுதிய என் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

அதனால்தான் சொல்லில் இவ்வளவு பிடிவாதம். ஒரே பெயர் வைத்தால் புதிதாகக் கற்பவர் உருமாற்றுத்தாளுக்குள்ளேயே நிறத்தையும் எழுதிவிடுவார், நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். அங்கே வகுப்புப் பெயர் (ஒரு பகுதியைச் சிஎஸ்எஸ் அடையாளம் காண உதவும் பெயர்) மட்டும் போதும், அதுவும் 'சிவப்பு' என்று இல்லாமல் 'உரை' என்று, அது என்ன பொருள் என்பதைச் சொல்லும் பெயராக. சிவப்பா நீலமா என்பதைத் தோற்றத்தாள் பார்த்துக்கொள்ளும்.

உருமாற்றுத்தாளுக்குள் எந்தப் பகுதியை எப்படி மாற்றுவது என்று சொல்லும் டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' ஏற்கெனவே புழங்குகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உருமாற்றுத்தாளை இயக்கும் மென்பொருளுக்கு, மின்மாற்றி என்பதுபோல, 'உருமாற்றி' பொருந்தும் என்று தோன்றுகிறது. 'உருமாற்றுத்தாள்' நீளமாக இருக்கிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள், ஆனால் 'மாற்றுத்தாள்' மட்டும் வேண்டாம், ஒன்றுக்குப் பதிலாகக் கொடுத்த தாள் என்று ஆகிவிடும்.