எடிசன் தெருக் குழு: வீட்டில் வேலை, வரி நியூ யார்க்கில்

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். வரி விஷயத்தில் ஒரு சந்தேகம். வீடு நியூ ஜெர்சி எடிசனில், ஆபீஸ் நியூ யார்க் மன்ஹாட்டனில். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான் வேலை. ஆனால் கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வில் முழுச் சம்பளத்தையும் நியூ யார்க் கணக்கில் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டாமா?

ரம்யா: கழித்துப் போடுங்கள் கார்த்தி. என் தோழி அப்படித்தான் போட்டாள், ரீஃபண்டும் வந்துவிட்டது.

சுந்தரம் அங்கிள்: அவசரப்படாதே தம்பி. மீனாம்மா வரட்டும்.

மீனா: வந்துவிட்டேன் அங்கிள். ரம்யா, ரீஃபண்ட் வந்ததை வைத்துக் கணக்கு சரி என்று சொல்ல முடியாது. நியூ யார்க் பிறகு கடிதம் போட்டு, எந்த நாள் எங்கே வேலை செய்தீர்கள் என்று ஆதாரம் கேட்கும். தர முடியாவிட்டால் வட்டியோடு கட்ட வேண்டும்.

மீனா: கார்த்தி, நீங்கள் வீட்டில் இருப்பது உங்கள் வசதிக்கா, கம்பெனியின் கட்டாயத்துக்கா என்றுதான் நியூ யார்க் பார்க்கும். உங்களுக்கு மன்ஹாட்டனில் ஒரு இருக்கை இருக்கிறது, போய் வேலை செய்யலாம், ஆனால் வீட்டில் செய்கிறீர்கள். அப்படியென்றால் அது உங்கள் வசதி. எடிசனில் உட்கார்ந்த நாளும் நியூ யார்க் நாள்தான்.

கார்த்தி: வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறதே அக்கா?

மீனா: அனுமதி வேறு, அவசியம் வேறு. அந்த வேலையை நியூ யார்க்கில் செய்யவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வீடே கம்பெனியின் ஆபீஸ் என்று காட்ட வேண்டும். அதற்குப் பெரிய நிபந்தனைப் பட்டியலே இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிற நம் வீடுகள் அதில் தேறாது. 2020-இல் ஊரே அடைந்து கிடந்தபோதுகூட நியூ யார்க் இதை விட்டுக்கொடுக்கவில்லை.

ரம்யா: இது அநியாயம் இல்லையா? ரோடு, பள்ளிக்கூடம், குப்பை வண்டி எல்லாம் இங்கேதானே!

மீனா: அநியாயம்தான், எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. கனெக்டிகட்டில் வசித்த செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர், நியூ யார்க்கில் கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களுக்காக வழக்குப் போட்டார். 2003-இல் நியூ யார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தோற்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்கவே எடுத்துக்கொள்ளவில்லை. நம் நியூ ஜெர்சியும் சும்மா இல்லை. 2023-இல் ஒரு சட்டம் போட்டது: நியூ யார்க் மாதிரி விதி வைத்திருக்கும் மாநிலத்துக்காரர் இங்குள்ள கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்தால், நாமும் அதே விதியை அவர் மேல் போடுவோம் என்று. 2020 முதல் 2023 வரையிலான வரிக்கு வெளி மாநிலத்தோடு மோதி ஜெயித்தவர்களுக்கு ஒரு கிரெடிட்டும், அதாவது வரியில் கழிவும், அதில் உண்டு. ஆனால் மோதி ஜெயிக்க வேண்டுமே.

கார்த்தி: அப்படியானால் நியூ யார்க்குக்கும் கட்டி, இங்கேயும் கட்ட வேண்டுமா? மென்பொருளில் நியூ ஜெர்சிக்குத் தனியாக ஒரு பெரிய தொகையைக் காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

மீனா: எதை முதலில் போட்டீர்கள்?

கார்த்தி: நியூ ஜெர்சியை.

மீனா: அதனால்தான். முதலில் நியூ யார்க்கின் ஐடி-203ஐ முடியுங்கள். வெளி மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான படிவம் அது. அதில் எவ்வளவு வரி என்று தெரிந்த பிறகு நியூ ஜெர்சி ரிட்டர்னான என்ஜே-1040க்கு வாருங்கள். அங்கே என்ஜே-சிஓஜே என்று ஒரு ஷெட்யூல் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு வேறு மாநிலத்தில் கட்டிய வரிக்கு அதில்தான் கிரெடிட். டபிள்யூ-2வில் பிடித்த தொகையை அதில் எழுதக் கூடாது, ரிட்டர்னில் கடைசியாக வந்த வரியைத்தான் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள்.

மீனா: ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அந்தச் சம்பளத்துக்கு நியூ யார்க் வரி 6,000 டாலர், நியூ ஜெர்சி வரி 4,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 4,500 முழுவதும் கிரெடிட்டில் போய்விடும். மிச்சம் 1,500ஐ நியூ ஜெர்சி திருப்பித் தராது. இரண்டில் எது அதிகமோ அதுதான் மொத்தத்தில் நம் செலவு.

சுந்தரம் அங்கிள்: மீனாம்மா, என் மருமகள் இங்கேயே பள்ளியில் வேலை செய்கிறாள். பையன் மட்டும்தான் நியூ யார்க் போகிறான். அவள் சம்பளத்தையும் ஐடி-203இல் கேட்கிறதாமே?

மீனா: ஆமாம் அங்கிள். கூட்டாக ஃபைல் செய்தால் இரண்டு பேர் வருமானத்தையும் சேர்த்து முழு வரியைக் கணக்கிடுவார்கள். அப்புறம் மொத்த வருமானத்தில் நியூ யார்க் வருமானம் எத்தனை பங்கோ, வரியிலும் அத்தனை பங்கு. மருமகள் சம்பளத்துக்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் வரி விகிதம் ஏறிவிடும்.

சுந்தரம் அங்கிள்: நல்லவேளை, நகர வரியாவது இல்லை.

மீனா: வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான நகர வரியை 1999-இல் எடுத்துவிட்டார்கள் அங்கிள். நியூ யார்க் நகர வருமான வரி இப்போது அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான்.

கார்த்தி: அக்கா, போன வருடம் கம்பெனி வேலையாக அடிக்கடி டாலஸ் போனேன். அதுவும் நியூ யார்க் கணக்குதானா?

மீனா: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! அந்த நாட்களைக் கழிக்கலாம், கட்டாயம் கழியுங்கள். வாடிக்கையாளர் இடத்துக்குக் கம்பெனி அனுப்பியது அவசியம், உங்கள் வசதி இல்லை. ஐடி-203-பி படிவத்தில் வேலை நாட்களைப் பிரித்து எழுத இடம் இருக்கிறது. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், லீவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் வேலை நாட்கள் உதாரணத்துக்கு 230. அதில் டாலஸில் 23 என்றால், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு நியூ யார்க் கணக்கிலிருந்து வெளியே வரும். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. அந்தப் பங்குக்கு நியூ ஜெர்சி வரி மட்டும் கட்டினால் போதும். விமான டிக்கெட், ஓட்டல் பில், செலவுக் கணக்கு, அலுவலக காலண்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். கடிதம் வந்தால் அவைதான் பேசும்.

வித்யா: அக்கா, என் தம்பி செர்ரி ஹில்லில் இருந்து பிலடெல்பியா போகிறான். அவனுக்கும் இதேதானா?

மீனா: இல்லை வித்யா, அவனுக்கு நல்ல வழி இருக்கிறது. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் 1977 முதல் ஒப்பந்தம். சம்பளத்துக்கு மாநில வரி வசிக்கும் இடத்தில் மட்டும்தான். ரெவ்-419 படிவத்தை எச்.ஆரிடம் கொடுத்தால் பென்சில்வேனியா வரி பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் அங்கே ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பிலடெல்பியா நகரச் சம்பள வரி மட்டும் உண்டு, அதற்கு இங்கே கிரெடிட் கிடைக்கும். 2016-இல் கவர்னர் கிறிஸ்டி இந்த ஒப்பந்தத்தையே முடிக்கப் போவதாக அறிவித்து, அப்புறம் கைவிட்டார்.

வித்யா: அவனுக்கு இரண்டு வருடமாகப் பிடிக்கிறார்கள்! இப்போதே சொல்கிறேன்.

கார்த்தி: ரொம்ப நன்றி அக்கா. டபிள்யூ-2வை இங்கேயே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

மீனா: குழுவில் போடாதீர்கள், அதில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது. சனிக்கிழமை காலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். டாலஸ் பில்களும் வேண்டும்.