தானே நகரும் புல்வெட்டும் இயந்திரம் மேட்டில் ஏறும்போது இழுவையை இழக்கிறது

கேள்வி:

வணக்கம். நாங்கள் டொராண்டோவுக்கு அருகே மார்க்கம் நகரில் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் நிலம் சரிவாக இருப்பதால், பின் சக்கரங்கள் தாமே ஓடும் பெட்ரோல் புல்வெட்டி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இந்தக் கோடையில் அதன் இழுவை குறைந்துவிட்டது. புறப்படும்போது நன்றாகவே போகிறது, சமதளத்தில் குறையேதும் தெரிவதில்லை. ஆனால் சிறிது நேரம் ஓடிச் சூடான பிறகு மேட்டில் ஏற்றினால் சக்கரங்கள் தயங்கித் தயங்கி நின்றுவிடுகின்றன. என்ஜின் சத்தத்தில் மாற்றம் இல்லை, கத்தியும் அதே வேகத்தில் வெட்டுகிறது. கைப்பிடியிலிருந்து இறங்கும் கேபிளின் திருகை முறுக்கியபோது சற்று முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அது இப்போது கடைசி மரையில் வந்து நிற்கிறது. பழுது பார்க்கும் கடையில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. வேறு காரணம் இருக்கக்கூடுமா, அதை வீட்டிலேயே எப்படிக் கண்டறிவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

வணக்கம் ஐயா. கியர்பாக்ஸுக்குப் பணம் கொடுப்பதைத் தயவுசெய்து சற்றுத் தள்ளிப்போடுங்கள். என்ஜின் சத்தம் மாறவில்லை, கத்தி சுணங்கவில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விசை என்ஜினில் குறையவில்லை, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் எங்கோ நழுவுகிறது.

என்ஜின் தண்டின் அடியில் ஒரு கப்பி, அதிலிருந்து பெல்ட், பெல்ட் சுழற்றும் கியர்பாக்ஸ், அதன் அச்சின் இரு முனைகளிலும் பினியன்கள் எனப்படும் சிறு பற்சக்கரங்கள், அவை கவ்விச் சுழற்றும் சக்கரத்தின் உட்பற்கள் என்ற வரிசையில்தான் விசை போகிறது. நீங்கள் கைப்பிடியில் உள்ள இயக்கப் பிடியை அழுத்தினால் இழுபடும் கேபிள், சில இயந்திரங்களில் கியர்பாக்ஸைச் சாய்த்துப் பெல்ட்டை இறுக்கும். வேறு சிலவற்றில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சைச் சேர்க்கும், பெல்ட்டை ஒரு ஸ்பிரிங் எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். கேபிளை முறுக்கியதும் இழுவை சற்றுக் கூடியதால் உங்களுடையது முதல் வகையாக இருக்கலாம்.

குளிர்ந்த நிலையில் இழுத்து, சூடானபின் சுமை கூடும் இடத்தில் மட்டும் விடுவது பெரும்பாலும் பெல்ட்டின் குணம். இந்த வகைப் பெல்ட் தன் இரு பக்கச் சுவர்களால்தான் கப்பியைப் பிடிக்கிறது. அந்தச் சுவர்கள் தேய்ந்து மெலிந்தால் பெல்ட் பள்ளத்தின் அடிவரை இறங்கிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. கப்பிப் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினாலோ, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தாலோ ஐயமே வேண்டாம்.

பெல்ட்டைப் பழி சொல்வதற்கு முன் அதன் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரப் புல்லும் மண்ணும் கியர்பாக்ஸைச் சுற்றிக் கெட்டித்துப்போனால் அது தன் இருப்பில் அசைய முடியாமல் நின்றுவிடும். அசையாத கியர்பாக்ஸ் பெல்ட்டை இறுக்காது. கேபிளை மேலும் இறுக்கவும் வழி தேடாதீர்கள். பிடியை விட்ட பிறகும் பெல்ட் முழுமையாக விடுபடாமல் உராய்ந்துகொண்டே இருந்தால் விரைவில் எரிந்துவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் என்ஜினை ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இயந்திரத்தைச் சாய்ப்பதாக இருந்தால் கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும், இல்லையேல் எண்ணெய் ஃபில்டரை நனைத்துவிடும்.

மறுமொழி 2:

மேலே உள்ள நண்பர் சொன்னதோடு நான் முழுதும் உடன்படுகிறேன், ஆயினும் சக்கரங்களைச் சோதிக்காமல் பெல்ட் வாங்க வேண்டாம். என்ஜின் நின்றிருக்கும்போது இயக்கப் பிடியை அழுத்தியபடி இயந்திரத்தைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான பின் சக்கர இயந்திரங்களில் இரண்டு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு, உருளாமல் தரையில் தேய்ந்து வர வேண்டும். இரண்டும் அப்படிப் பூட்டினால் கியர்பாக்ஸும் பினியன்களும் தம் வேலையைச் செய்கின்றன என்று கொண்டு பெல்ட்டைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் உருண்டால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஓடும்போது கடகடவென்று பல் தாவும் சத்தம் கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். பெல்ட் நழுவினால் அந்தச் சத்தம் வராது, கீச்சொலியோ ரப்பர் கருகும் வாடையோதான் வரும்.

முன் சக்கர இழுவை உள்ள இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னால் உள்ள புல் பை நிறைந்து, மேட்டில் எடை முழுவதும் பின்னுக்குச் சாயும்போது முன் சக்கரங்கள் நிலத்தைப் பற்றாமல் வெறுமனே சுழலும். அது பழுது அன்று, பையைக் காலி செய்தால் சரியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மூடியைக் கழற்றியபோது கியர்பாக்ஸைச் சுற்றிக் காய்ந்த புல் அடைபோல் இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்த பிறகுதான் கியர்பாக்ஸ் அசையத் தொடங்கியது. பெல்ட்டின் பக்கங்கள் நீங்கள் சொன்னபடியே வழுவழுத்திருக்கின்றன. பின்னோக்கி இழுத்தபோது வலச் சக்கரம் உடனே பூட்டியது, இடச் சக்கரம் சற்று உருண்ட பிறகே பூட்டியது. அதைக் கழற்றிப் பார்த்தால் உட்பற்களின் முனைகள் மழுங்கியிருக்கின்றன, பினியனின் பற்கள் நன்றாகவே தெரிகின்றன. சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதுமா? பெல்ட்டை எந்தக் கடையிலும் அதே அளவில் வாங்கலாமா?

மறுமொழி 2:

பிளாஸ்டிக் சக்கரத்தின் பற்கள்தான் முதலில் தேயும், எஃகுப் பினியன் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எனவே இடச் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் கருத்து. வலப் பக்கத்தையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பினியனை எடுக்கும்போது அதனுள் இருக்கும் ‘சாவி’ என்னும் சிறு எஃகுத் துண்டு கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு முன்னோக்கிச் சுழலும்போது பினியனைக் கவ்வுவதும், திருப்பத்தில் வெளிச் சக்கரம் வேகமாகச் சுழல விட்டுக்கொடுப்பதும் அந்தச் சாவிதான். இடப் பினியனும் வலப் பினியனும் ஒன்றுபோல் தோன்றினாலும் மாறி மாட்டினால் முன்னோக்கி இழுக்காது, ஆகவே கழற்றும்போதே அடையாளமிட்டு வையுங்கள்.

மறுமொழி 1:

பெல்ட்டை மட்டும் உங்கள் இயந்திரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி, தயாரிப்பாளர் குறித்த உதிரிப்பாகமாகவே வாங்குங்கள். இறுகியும் தளர்ந்தும் வேலை செய்ய வேண்டிய பெல்ட்டின் உறையும் உள்நூலும் சாதாரணப் பெல்ட்டினுடையவை அல்ல. நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் கேபிளின் திருகால் அதை ஈடுகட்ட முடியாமல் போகலாம். பல இயந்திரங்களில் பெல்ட்டை எடுக்கக் கத்தியையும் அதன் பிடிமானத்தையும் கழற்ற வேண்டியிருக்கும். கத்தி சுழலாமல் ஒரு மரக்கட்டையை அணைகொடுத்துக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது கையேட்டில் குறித்துள்ள இறுக்கத்தைக் கடைப்பிடியுங்கள். புதிய பெல்ட் மாட்டியதும் கேபிளின் திருகை முதலில் முழுவதும் தளர்த்திவிட்டு, இயந்திரம் இழுக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாக முறுக்கிக் கொண்டுவாருங்கள்.