மறு: நெட்டில் செடிக்கும் அதன் கொட்டும் மயிருக்கும் தமிழ்ச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

தொட்டால் கொட்டுகிற நெட்டில் (nettle) செடிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். எல்லோருமே செடியின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருக்கிறோம். முதலில் தீர்க்க வேண்டியது அதன் இலையிலும் தண்டிலும் நிற்கிற கொட்டும் மயிரின் பெயர் என்பது என் கருத்து. அது ஒழுங்காக அமைந்துவிட்டால், கதை மொழிபெயர்ப்பவருக்கும் சமையல் குறிப்பு எழுதுபவருக்கும் தாவரவியல் பாடம் எழுதுபவருக்கும் வேண்டிய மற்ற சொற்கள் அதிலிருந்தே கிளைக்கும்.

> முள் என்றே போட்டுவிடலாமே. படிப்பவருக்கு எளிதில் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். முள் குத்தும், குத்தியதோடு அதன் வேலை முடிந்தது. நெட்டிலின் மயிர் செய்வது வேறு. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியாவில் இதை நுண்ணோக்கியில் பார்த்துத் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். அடியில் பல உயிரணுக்கள் சேர்ந்த ஒரு சிறு மேடை. அதன்மேல் ஒரே ஓர் உயிரணு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீண்டு, மேலே போகப்போக ஒடுங்கி, நுனியில் ஒரு குட்டிக் குமிழாக முடிகிறது. அந்த நுனிச்சுவரில் சிலிக்கா படிந்திருப்பதால் வளையாது, பட்டென்று ஒடியும். தோல் லேசாக உரசினாலே குமிழ் ஒடிந்து விழும். ஒடிவது நேராக அல்ல, சாய்வாக. மிஞ்சுவது ஊசி போடும் குழலின் வாயைப் போன்ற சாய்வெட்டு. அது தோலுக்குள் இறங்குகிறபோது அடிப்பகுதி அமுங்கி, உள்ளிருக்கும் நீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போகிறது.

அந்த நீரில் இருப்பவை ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரோட்டோனின். பழைய நூல்கள் எறும்பின் ஃபார்மிக் அமிலத்தையே காரணமாகச் சொல்லும். இந்த வலிக்குப் போதுமான அளவு ஃபார்மிக் அமிலம் அதில் இல்லை. எனவே 'அமில மயிர்' என்று நேற்று வந்த பரிந்துரையையும் விட்டுவிடலாம்.

> வேர்த்தூவி என்று பாடநூலில் இருக்கிறதே. அதை ஒட்டிக் கொட்டும் தூவி?

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. தாவர மயிர் எல்லாவற்றுக்கும் பொதுச் சொல்லாகத் 'தூவி' இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தூவி என்றாலே பறவையின் இறகு, அன்னத்தூவி, மென்மை. கையை வெடுக்கென்று இழுக்க வைக்கிற ஒன்றை அந்தச் சொல்லால் அழைக்க மனம் வரவில்லை. அதைவிட, நமக்கு இன்னொரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: சுணை.

கரும்புத் தோகை, மூங்கில் குருத்தை மூடிய மடல், வெண்டைக்காயின் மேல்தோல் இவற்றில் எல்லாம் கண்ணுக்குச் சட்டென்று படாமல் நின்று, பட்ட இடத்தில் அரிப்பைக் கிளப்பும் பொடிமயிருக்குத் தமிழ் வைத்த பெயர் அது. வயல்வேலை செய்கிறவர்கள் 'சுணை பட்டுடுச்சு' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். (நீரூற்றான சுனை வேறு, தட்டச்சுப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) 'சூடு சுணை இல்லாதவன்' என்கிறபோதும் இந்தச் சுணைதான், உறைக்க வேண்டியது உறைக்கவில்லை என்று பொருள்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். கரும்பின் சுணை வெறுமனே தைத்து உறுத்துவது. நெட்டிலின் சுணை உள்ளே மருந்து ஏற்றுவது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் பாடநூலுக்குப் போதாது. ஆகவே அடைமொழி வேண்டும். என் பரிந்துரை: கொட்டுசுணை.

தேள் கொட்டும், குளவி கொட்டும், தேனீ கொட்டும். தோலைத் துளைத்து நஞ்சை உள்ளே விடுகிற செயலுக்குத் தமிழில் இதைவிடக் கச்சிதமான வினை இல்லை. வடக்கே இமயமலை அடிவாரத்தில் இந்தச் செடிக்குப் 'பிச்சு காஸ்', அதாவது தேள் புல் என்று பெயர் வைத்தவர்களும் இதையேதான் உணர்ந்திருக்கிறார்கள். எழுதும்போது நடுவில் 'ச்' போடாதீர்கள். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் போல வல்லினம் மிகாது. 'கொட்டுச்சுணை' என்று எழுதினால் மேளக்கொட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

> தேள் புல் என்பதே நன்றாக இருக்கிறதே, தேள்கொடுக்குச் செடி என்று வைத்தால் என்ன?

அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறு செடி இருக்கிறது. தேளின் வாலைப் போல வளைந்த பூங்கொத்து உடைய அந்தச் செடி யாரையும் கொட்டாது. அதன் பெயரைப் பிடுங்கி இதற்குக் கொடுப்பது முறையல்ல.

கொட்டியபின் நேர்வதைச் சொல்லவும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றையும் இந்த இழையிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பட்ட கணத்தில் சுருக்கென்று ஒரு தையல். அடுத்த நொடி கடுப்பு. பிறகு அது பரவிக் காந்தலாகிறது. சில நிமிடங்களில் நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்த தடிப்புகள் கிளம்புகின்றன. வலி தணியும்போது நமைச்சல் தொடங்குகிறது. சிலருக்கு மறுநாள் வரையிலும் அந்த இடத்தில் ஒரு நமநமப்பு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் பட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும். எரிச்சல் என்கிற ஒரே சொல்லில் இத்தனையையும் அடைத்து மொழிபெயர்க்கிறோம். சுருக்கு, கடுப்பு, காந்தல், தடிப்பு, நமைச்சல், நமநமப்பு. மருத்துவக் குறிப்பு எழுதுபவர்கள் தயவுசெய்து இந்த வரிசையைப் பயன்படுத்துங்கள். செடி பட்டதால் வரும் தடிப்புக்குச் 'சுணைத்தடிப்பு' என்று வைக்கலாம். எந்தச் செடியும் படாமல் ஒவ்வாமையால் உடம்பெல்லாம் தடித்துக் கிளம்புவதற்குக் காணாக்கடி என்ற பழைய சொல் இருக்கிறது; அதைத் தொட வேண்டாம்.

இனி செடியின் பெயர்.

> காஞ்சொறி என்று எழுதினால் தவறு. காஞ்சொறி ஆமணக்குக் குடும்பம். நெட்டிலுக்கும் அதற்கும் உறவே இல்லை.

தகவல் முழுக்கச் சரி, அம்மா. நம் காஞ்சொறி டிரேஜியா பேரினம். அதன் கொட்டுசுணையின் உள்ளமைப்பும் வேறு. உயிரணுவுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசியாக நிற்கிறது, அதுதான் தோலைத் துளைக்கிறது. நெட்டிலில் துளைப்பது மயிரின் சுவரே. வெவ்வேறு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இதே உத்தியை அடைந்திருக்கின்றன. கொட்டுசுணை என்ற சொல் செயலை மட்டும் சொல்வதால் இரண்டுக்கும் பொருந்திப்போகிறது.

ஆனால் பொதுவழக்குப் பெயர் குடும்ப எல்லைக்குள் நிற்க வேண்டும் என்ற விதி எந்த மொழியிலும் இல்லை. ஆங்கிலேயர்கள் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, கொட்டவே கொட்டாத ஒரு செடியையும் நெட்டில் என்கிறார்கள். கத்தரிப் பேரினத்தில் முள் வைத்த ஒன்றையும் நெட்டில் என்கிறார்கள். நம்மிடம் தொட்டால் கொட்டும் செடிக்கு ஒரு பெயர் உயிரோடு இருக்கும்போது, அதைப் பேரின எல்லைக்குள் பூட்டிவைத்துவிட்டு 'எரிபூண்டு' என்று புதிதாக ஒன்றை நடுவது வீண்வேலை. பொது எழுத்தில் காஞ்சொறி. தாவரவியலில் லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட அர்டிகா டையோயிகாவை, அதாவது இந்த நெட்டிலை, சுட்டும்போது மட்டும் குளிர்நிலக் காஞ்சொறி. ஐரோப்பாவும் ஆசியாவின் மிதக்குளிர்ப் பகுதிகளும் அதன் பிறப்பிடம் என்பதால் இந்த அடைமொழி. கொட்டாத துளசிக் குடும்பத்துச் செடியை ஆங்கிலத்தில் செத்த நெட்டில் என்பார்கள். நாம் கொட்டாக்காஞ்சொறி என்போம். இங்கே 'க்' மிகும், எதிர்மறைப் பெயரெச்சம்.

ஆஸ்திரேலியாவின் ஜிம்பி-ஜிம்பியும் இதே நெட்டில் குடும்பம்தான். அதன் இதய வடிவ இலை பட்டால் வலி நாள்கணக்கில் நீடிக்கும், வாரங்கள் கழித்தும் திரும்பி வரும். அதற்குக் காரணமான குறும்புரதங்களை 2020-இல்தான் கண்டுபிடித்தார்கள்; சிலந்தி, கூம்புநத்தை இவற்றின் நஞ்சோடு அமைப்பில் ஒத்தவை. நியூசிலாந்தின் மரக்காஞ்சொறியால் 1961-இல் ஒருவர் இறந்தே போயிருக்கிறார். இவற்றை எல்லாம் எழுதும்போது 'முள் குத்தியது' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

கதைகளுக்கு வருவோம். டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சனின் 'காட்டு அன்னங்கள்' (1838) கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னங்களாக மாறிப்போன பதினொரு அண்ணன்களை மீட்க, எலிசா இடுகாட்டில் நெட்டில் பறித்து, வெறுங்காலால் மிதித்து நசுக்கி, நாரெடுத்து, வாய் திறவாமல் சட்டை பின்னுகிறாள். இதை முட்செடி என்று எழுதினால் கதையே நிற்காது. முட்செடியில் நாரெடுத்துச் சட்டை பின்ன முடியாது. நெட்டிலில் உண்மையிலேயே முடியும்: டென்மார்க்கின் லூசஹோய் புதைமேட்டில் கிடைத்த வெண்கலக் காலத் துணி, சுமார் 2,800 ஆண்டுகள் பழையது, நெட்டில் நாரால் நெய்தது. முதல் உலகப் போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி, படைவீரர் உடைக்கு இந்த நாரைத்தான் தேடிப்போனது. எலிசாவின் கையைக் கொப்புளிக்க வைக்கிற செடியேதான் சட்டைக்கு நாரையும் தருகிறது. மந்திரம் அங்கே இருக்கிறது. 'காஞ்சொறி நார்' என்று எழுதுங்கள், போதும்.

இடுகாடு என்பதும் ஆசிரியர் சும்மா போட்டது அல்ல. பாஸ்பேட்டும் நைட்ரஜனும் மிகுந்த மண்ணில் நெட்டில் அடர்ந்து வளரும். மனிதர்கள் குடியிருந்த, கால்நடை கட்டிய, புதைத்த இடங்கள் கைவிடப்பட்டு நெடுங்காலம் ஆனபிறகும் அங்கே நெட்டில் நின்று காட்டிக்கொடுக்கும்.

ஓவியக் குறிப்பு எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே 1851–52-இல் தீட்டிய ஒஃபீலியா (ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகப் பாத்திரம்) ஓவியத்தில், சாய்ந்த வில்லோ மரக்கிளையைச் சுற்றி நெட்டில் வளர்ந்திருக்கிறது. வலியின் குறியீடாக அதைப் படிக்கிறார்கள். 'புதர்' என்று எழுதிக் கடந்துபோனால் அந்தக் குறியீடு காணாமல் போய்விடும். தங்கா எனப்படும் திபெத்தியத் துணி ஓவியங்களில் மிலரேபா என்ற பௌத்தத் துறவி பச்சை நிற மேனியோடு இருப்பதற்குக் காரணம், குகையில் தவமிருந்த காலத்தில் நெட்டில் கஞ்சியையே குடித்துக் குடித்து உடல் பசுமை பாரித்தது என்ற மரபு. அங்கே அது உணவு, ஆகையால் காஞ்சொறிக் கஞ்சி என்றே எழுத வேண்டும்.

> சாப்பிடுகிற பொருளுக்கு 'சொறி' என்று முடிகிற பெயரா?

இந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் சமையல் குறிப்பில் அந்தப் பெயர் ஓர் எச்சரிக்கையாகவும் வேலை செய்கிறது. கையுறை போடாமல் கிள்ளினால் என்ன ஆகும் என்று பெயரே சொல்லிவிடும். 'காஞ்சொறிக் கொழுந்து' என்று எழுதினால் உறுத்தலும் குறையும், எதை எடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். நுனியில் உள்ள இளம் இலைகளைத்தான் கிள்ள வேண்டும். செடி பூத்தபின் முற்றிய இலையில் சுண்ணக் கட்டிகள் சேர்ந்துவிடும். அவை சிறுநீர்ப் பாதையை உறுத்தும்.

கொழுந்தைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்தால் கொட்டும் தன்மை அடியோடு போய்விடும். உலர்த்தினாலும், நன்றாக அரைத்தாலும் போய்விடும். இந்தச் செயலுக்கு ஆங்கிலத்திலேயே தனிச்சொல் கிடையாது. நமக்கு நஞ்சு முறிதல் என்ற வழக்கு இருக்கிறது. அதிலிருந்து சுணை முறித்தல். 'கொழுந்தைக் கொதிநீரில் இட்டுச் சுணை முறிந்ததும் வடித்து எடுக்கவும்' என்று எழுதிப் பாருங்கள், விளக்கவுரை தேவைப்படாது. இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான், கொட்டுசுணையைவிடவும்.

தீராமல் நிற்பது ஒன்று. மயில்கண் வண்ணத்துப்பூச்சி, சிற்றாமையோட்டு வண்ணத்துப்பூச்சி முதலியவற்றின் புழுக்கள் இந்த இலையைத் தின்றே வளர்கின்றன. மாட்டை விரட்டுகிற சுணை அந்தப் புழுக்களைத் தடுப்பதில்லை. சுணைக்கு நடுவே தின்று பிழைக்கும் உயிருக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பூச்சியியல் நண்பர் கேட்டிருந்தார். 'சுணையுண்ணி' என்று எழுதிப் பார்த்தேன். இலையைத் தின்னும் புழு சுணையை மட்டுமே தின்பதாகப் பொருள் திரிகிறது. 'சுணை தாங்கி' என்றால் சுணையைச் சுமக்கும் செடி என்றும் படிக்கலாம். வேறு யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்; மற்ற நான்கையும் (கொட்டுசுணை, சுணைத்தடிப்பு, கொட்டாக்காஞ்சொறி, சுணை முறித்தல்) மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.